பள்ளி இடம் மாறுதுன்னா மொதல்ல பெத்தவங்ககிட்ட சொல்லுங்க

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல இருக்கிற எங்க தோட்டத்து தமிழ்ப்பள்ளிய டவுன் பக்கம் தாமானுக்கு (வீடமைப்பு பகுதிக்கு) மாத்தப் போறாங்கன்னு ரொம்ப நாளா பேச்சு ஓடுது. மாத்துறது தப்புன்னு சொல்ல நான் எழுதல. ரப்பர் பால்மரம் போயி எண்ணெய்ச் செம்பனை வந்துச்சு, செம்பனைக்கு வெளிநாட்டு ஆளுங்க வந்தாங்க, நம்ம சனங்க ஃபேக்டரி வேலைய தேடி டவுனுக்கு போயிட்டாங்க, பிள்ளைங்க இருக்கிற எடத்துலதானே பள்ளிக்கூடமும் இருக்கணும். 1957ல நாட்டுல 888 தமிழ்ப்பள்ளி இருந்துச்சு, இப்ப 530க்கும் கீழ, அதுலயும் நெறைய பள்ளியில 150 பிள்ளைங்க கூட இல்ல. மூடாம அதே லைசென்ஸோட வேற எடத்துல கட்டினதாலதான் எத்தனையோ தோட்டப்பள்ளி இன்னைக்கும் பேரு சொல்லிட்டு நிக்கிது.

என் ஆதங்கம் வேற. பள்ளி வாரியத்துல பொறுப்புல உள்ளவங்க வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க. கேட்டா "இன்னும் முடிவாகல, முடிவானதும் சொல்றோம்"ங்கிறாங்க. முடிவான பெறகு நாங்க பேசி என்ன ஆகப்போவுது?

போன பெற்றோர் ஆசிரியர் சங்க கூட்டத்துல ஒரு அம்மா எந்திரிச்சு கேட்டாங்க, இன்னும் தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுலதான் குடியிருக்காங்க, "விடியகாலையில வேலைக்கு பேர் குடுக்க நான் பெரட்டுக்கு போயிடுவேன், பள்ளி அவ்ளோ தூரம் போச்சுன்னா பிள்ளைய யாரு பஸ் ஏத்துவா, பஸ் காசு யாரு கட்டுவா"ன்னு. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிட்டாங்க. அந்த அம்மா ஒன்னும் பேசாம உக்காந்துட்டாங்க. கொஞ்ச நாள்லயே பிள்ளைய பக்கத்து மலாய் பள்ளியில சேத்துட்டாங்க, அவங்கள பாத்து அதே லயத்துல இன்னொரு வீடும் சேத்துருச்சு. புது பள்ளிக்கு ஒரு கல்லு கூட இன்னும் வைக்கல.

பள்ளிய மூடப் போறாங்க, நெலத்த வித்தாச்சுன்னு வாட்சப்ல ஆளாளுக்கு ஒன்னு எழுத, பெற்றோர் குரூப்ல அட்மின் மட்டும்தான் எழுத முடியும்னு லாக் பண்ணிட்டாங்க. லாக் பண்ணினா பேச்சு நிக்குமா? அது கோயில்லயும் சாப்பாட்டுக் கடையிலயும் இன்னும் பெருசா வளந்துச்சு.

இந்த சுங்கை சிப்புட்லதான் அந்தக் காலத்துல அமைச்சரா இருந்த நம்ம துன் சம்பந்தன் பொறந்தாரு. சுதந்திரம் கெடச்ச சமயம் வெள்ளக்கார கம்பெனிங்க தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு கெளம்புறாங்க, நாளைக்கு வேலை இருக்குமா வீடு இருக்குமான்னு யாருக்கும் தெரியாத நேரம். சனங்களே காசு போட்டு தோட்டம் வாங்குறதுக்கு 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா போயி சனங்கள ஒக்கார வச்சு பேசினாரு. ஒரு பங்கு 100 வெள்ளி (நம்ம நாட்டு காசு), மாசம் 10 வெள்ளியா கட்டலாம்னாரு. அப்ப சங்கத்து கையில ஒரு தோட்டமும் கெடையாது. இருந்தும் பால்வெட்டுற சனங்க சம்பளத்துலேர்ந்து எடுத்து குடுத்தாங்க, மறு வருஷமே கெடா மாநிலத்துல புக்கிட் சீடிம் தோட்டத்த வாங்கினாங்க. தோட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அவரு இருந்திருந்தா அந்த 10 வெள்ளிய யாரு குடுத்திருப்பா?

பள்ளி வாரியத்துல உள்ளவங்க சம்பளம் வாங்குறவங்க இல்ல, சொந்த வேலைய விட்டுட்டு கல்வி இலாகாவுக்கும் நில ஆபீசுக்கும் அலையிறாங்க, அந்த மரியாத எனக்கு எப்பவும் உண்டு. ஆனா சொன்னா சனங்க பயந்துடுவாங்கன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல. சனங்க ஏற்கனவே பயந்துதான் கெடக்குறாங்க. தெரிஞ்சத தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க, தெரியாதத இன்னும் தெரியலன்னே சொல்லுங்க, ஆனா எந்த தேதியில திரும்ப வந்து சொல்வீங்கன்னும் சேத்து சொல்லி அந்த தேதியில ஒன்னும் நடக்கலன்னாலும் வந்து நில்லுங்க. இலாகா லெட்டர் மலாய்ல வந்தா நோட்டீஸ் போர்டுல ஒட்டுறதோட விடாம தமிழ்ல வாசிச்சு காட்டுங்க. கூட்டத்த பள்ளியில மட்டும் வைக்காம ராத்திரி வேலை முடிஞ்ச பெறகு தோட்டத்து கோயில் மண்டபத்துலயும் ஒரு தடவ வைங்க, வராதவங்கன்னு நீங்க நெனைக்கிறவங்க எல்லாம் வருவாங்க. ஆசிரியர்களையும் கூப்பிடுங்க, பிள்ளைங்க வந்து கேக்கிறப்ப அவங்களுக்கும் பதில் தெரியாம முழிக்கிறாங்க.

அடுத்த பெற்றோர் கூட்டம் சீக்கிரம் வருது. நெலம் யாரு பேர்ல இருக்கு, பஸ்ஸுக்கு யாரு பொறுப்பு, லயத்துல மிச்சம் இருக்கிற பிள்ளைங்கள எப்படி கொண்டு வரப் போறீங்க, இதுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் புது கட்டடத்து பிளான காட்டுங்கன்னு வாரியத்த கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சுங்கை சிப்புட், பேராக்