ஏழு டம்ளர்

வேளச்சேரி, சென்னை
10 டிசம்பர் 2023, ஞாயிறு

அன்புள்ள செண்பகம்,

வியாழக்கிழமை இரவு நீ கூப்பிட்டபோது லைன் மூன்று முறை அறுந்தது. "குழந்தைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய்?" என்று நீ கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை அது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஓய்வு பெற்ற பிறகு மளிகைச் சிட்டை தவிர வேறெதுவும் எழுதாத கை.

முதலில் சேதி. எல்லோரும் நலம். 3ஆம் தேதி பிடித்த மழை மறுநாள் இரவு வரை விடவில்லை. திங்கள் விடிந்தபோது எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மத்தியானத்துக்குள் இடுப்புக்கு ஏறிவிட்டது. என் மகன் 2015 வெள்ளத்தில் பட்ட அடியை மறக்காதவன். ஞாயிறு மாலையே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். புயல் எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலம் வண்டி நிறுத்துமிடமாகிவிடும். நீ ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய காட்சி. திங்கள் விடிகாலையில் போன மின்சாரம் வியாழன் மாலைதான் வந்தது. கைப்பேசியும் அதோடு படுத்துவிட்டது. நாளைக்குப் பள்ளிகள் திறக்கின்றன, ஒரு வாரம் கழித்து.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் பதினொரு பேர். நாங்கள் ஐவர். கீழ்வீட்டுத் தம்பதியும் அவர்களுடைய எல்கேஜி படிக்கும் ஆதிராவும். பிறகு, எங்கள் காவலாளி, அவர் மனைவி, நாலரை வயது லட்சுமி. அவர்கள் ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். லட்சுமி இங்கே அங்கன்வாடிக்குப் போகிறாள். நம் பேரன் கவின் யுகேஜி. ஆக மூன்று பிஞ்சுகள், இரண்டு படுக்கையறை, டிவி இல்லை, போன் இல்லை, கீழே இறங்க வழியில்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? 31 வருடம் மழலையர் வகுப்பு எடுத்தவள் அல்லவா? செவ்வாய்க்கிழமை காலை பாயை விரித்தேன். ஒன்பதரைக்குக் கடவுள் வாழ்த்து, ஒன்பதே முக்காலுக்குத் தமிழ், பத்தே காலுக்குக் கணக்கு என்று பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். மணிக்குப் பூஜையறை மணி. சிலேட்டில் 'அ' போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. ஆதிரா அழுதாள். லட்சுமி சிலேட்டை நக்கினாள். கவின் ஒற்றை விரலைக் காட்டிவிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லை. பால்கனியில் நின்று தெருவில் போன படகை எண்ணிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டுமா? உன் பழைய சிநேகிதி, பாளையங்கோட்டை பயிற்சிப் பள்ளியில் மாதிரிப் பாடத்துக்கு முதல் மதிப்பெண் வாங்கியவள், மூன்று குழந்தைகளிடம் தோற்றுப்போய்ச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தேன்.

அங்கே என் மருமகள் இன்னொரு கூத்தில் இருந்தாள். கீழ்வீட்டிலிருந்து அவசரத்தில் மேலே தூக்கி வந்த மளிகைப் பை கிழிந்து, கொண்டைக்கடலை, பட்டாணி, பாசிப்பயறு எல்லாம் ஒன்றாகக் கலந்து நனைந்து கிடந்தன. அவள் முறத்தில் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தாள். குழந்தைகள் தாமாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் மணி அடிக்கவில்லை. மூன்று கிண்ணங்கள், மூன்று பேர். கடிகாரத்தைப் பார்த்தேன்: நாற்பத்தைந்து நிமிடம்! நடுவில் லட்சுமி பாசிப்பயற்றைக் காட்டி "பெசலு" என்றாள், கொண்டைக்கடலையைச் "செனகலு" என்றாள். உப்பைக் காட்டிக் கேட்டதற்கு "உப்பு" என்றதும் கவினுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவள் மொழியிலும் உப்பு உப்புதானா என்று அன்றைக்கு முழுக்க வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

பயிற்சிப் பள்ளியில் மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி நாம் உருப்போட்டோமே, நினைவிருக்கிறதா? 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார் என்று தேர்வுக்கு எழுதினோம். ஊற்றுவது, பொறுக்குவது, துடைப்பது, பொத்தான் போடுவது என்று வீட்டு வேலையையே அவர் பாடமாக வைத்தார் என்பதையும் எழுதினோம். பதில் எழுதி மதிப்பெண் வாங்கினேனே தவிர, என் வகுப்பில் ஒரு நாளாவது முறத்தைக் கொண்டுபோய் வைத்திருப்பேனா? அடையாறு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

இப்போது நான் உனக்குச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை பால் கிடையாது. மகன் பால் தேடிப் போயிருந்தான், மீதி ஏழு பெரியவர்களுக்கும் கடுங்காப்பி போட்டோம். "கவின், ஏழு டம்ளர் எடுத்துக்கொண்டு வா" என்றேன். அவன் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்லுவான். கூடைக்குள் கையை விட்டு அள்ளியதில் ஐந்து வந்தது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக்கொண்டே விரலை ஓட்டினான். வாய் ஒன்பதில் இருக்கிறது, விரல் நான்காவது டம்ளரில் இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 31 வருடம் எத்தனை பிள்ளைகளின் முன்னேற்ற அட்டையில் "100 வரை எண்ணத் தெரியும்" என்று எழுதியிருப்பேன்! அது பாட்டு, செண்பகம். எண்ணுவது வேறு.

திருத்தவில்லை. "யார் யாருக்குக் காப்பி?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஒரு டம்ளரை எடுத்துத் தாத்தா முன்னால் வைத்தான். திரும்பிப் போய் இன்னொன்று, அம்மாவுக்கு. இப்படியே ஏழு நடை. கடைசியில் காவலாளி மாடிப்படியில் இருக்கிறார் என்று நினைவு வந்து அங்கேயும் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். காப்பி ஆறிப்போனது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் கூடையருகே நின்று உதட்டுக்குள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே எடுத்தான். வெள்ளிக்கிழமை பெயர் இல்லாமல் ஏழையும் எண்ணி எடுத்தான். மூன்று நாள் ஆயிற்று. வகுப்பில் அந்த மூன்று நாளை நான் கொடுத்திருப்பேனா? இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கொடுப்பது என்று நீ கேட்பாய். நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், வீட்டால் முடிகிற காரியம் இது. வீட்டில் டம்ளர் நிஜமாகவே தேவைப்படுகிறது, கேட்பவருக்கு நிஜமாகவே காப்பி வேண்டும்.

அரிசி அளப்பதையும் அவர்களிடமே விட்டோம். என் மாமியார் காலத்துப் பித்தளைப் படியும் ஆழாக்கும் பரணில் இருந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை நான் வாயால் சொல்லவில்லை; ஆதிரா கொட்டிக் கொட்டிப் பார்த்து, "எட்டு வந்ததும் நிரம்பிவிடுகிறது" என்று ஓடி வந்து சொன்னாள். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கியது தனிக் கதை, அதை விடு.

எழுத்து விஷயத்தில் உனக்கும் எனக்கும் எப்போதும் சண்டை. நீ கையைப் பிடித்து எழுத வைப்பாய். இந்த ஒரு வாரத்துக்குப் பிறகு நான் என் கட்சியில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். தண்ணீர் வடிந்ததும் மாடிப்படியெல்லாம் சேறு. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு துணியைக் கொடுத்தோம். முக்கிப் பிழிந்து துடைத்தார்கள். சப்பாத்தி மாவைப் பிசைந்தார்கள். கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து விடப் பழகினார்கள். அதுவும் பென்சில் பிடிக்கும் பிடிதானே! அதற்கு மேல் எழுத்து வேண்டுமென்றால் நேர்கோட்டில் வரும் ட, ப, இவற்றில் ஆரம்பிக்கலாம். ஐந்து வயதுக் கையை எடுத்தவுடன் 'அ'வின் சுழிக்குள் தள்ளுவானேன்? பென்சிலைப் பார்த்தாலே ஓடுகிற பிள்ளைகளை நாம்தான் உருவாக்கினோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒரு விஷயம் என்னைக் கலங்கவைத்தது. புதன் மாலை மூன்று பேரும் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். பாய்தான் தண்ணீர், பெரிய அண்டா படகு. "தண்ணீர் வருகிறது, தண்ணீர் வருகிறது" என்று ஆதிரா கத்துவாள், மற்ற இருவரும் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறுவார்கள். உடனே மறுபடியும் முதலிலிருந்து. இருபது தடவையாவது இருக்கும். ஆதிராவின் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லலாமா என்றாள். நானும் எழுந்தேன். பிறகு என்னவோ உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எல்லாப் பொம்மைகளும் கட்டிலுக்கு வந்து சேர்ந்துவிடுவதைக் கவனித்தேன். அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆதிராவிடம் கதை கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினேன்: "எங்கள் ஃபிரிட்ஜ் நீந்தியது. அப்பா அதைத் திட்டினார். அது கேட்கவில்லை." மறுநாள் அந்தத் தாளை எடுத்து, எழுத்துக்களின்மேல் விரலை ஓட்டி, அப்படியே 'படித்தாள்'. ஒரு எழுத்தும் தெரியாது அவளுக்கு. ஆனால் தான் பேசியது தாளில் இருக்கிறது, அது ஓடிப்போகாது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு 'ஃபிரிட்ஜ்' எங்கே இருக்கிறது, 'அப்பா' எங்கே இருக்கிறது என்று என்னை அவளே துளைத்துவிட்டாள்.

இதையெல்லாம் எழுதும்போது 2020 நினைவுக்கு வருகிறது. மார்ச்சில் கொரோனாவால் மூடியது, தமிழ்நாட்டில் மழலையர் வகுப்புகள் மறுபடி திறந்தது 2022 பிப்ரவரி 16. ஏறக்குறைய இரண்டு வருடம். எல்கேஜி, யுகேஜி இரண்டையும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலே கடந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மழலையர்களுக்கு ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் திரை வேண்டாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. நான் வேலை செய்த பள்ளியோ காலையில் ஒரு மணி நேரம், மாலையில் வீட்டுப்பாட வீடியோ என்று கேட்டது. ஆட்டுக்குட்டிப் படத்தில் பஞ்சு ஒட்டி அனுப்பச் சொன்னோம். ஊரே அடைந்து கிடக்கும்போது பஞ்சுக்கு அந்தத் தாய்மார்கள் எங்கே போனார்களோ! சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகம் தெரியும்; நான் கேட்கும் கேள்விக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் பதில் சொல்லும். அந்த அம்மாக்களிடம் "படம் அனுப்ப வேண்டாம், உங்களோடு சேர்ந்து பருப்புப் பொறுக்கட்டும், பேசிக்கொண்டே இருங்கள்" என்று சொல்ல எனக்கு அப்போது துணிச்சல் இல்லை. சம்பளத்துக்குக் கேட்டதைச் செய்தேன். அடுத்த வருடம் ஓய்வு பெற்றபோது பெரிய விழா எடுத்தார்கள். சால்வை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

கவின் 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பல்லிக்கூடம்' என்கிறான். "பல்லிக்கூடம் எப்போது திறக்கும்?" என்று தினமும் கேட்டான். நாவை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஹாலில் ட்யூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லியைக் காட்டி "இது பல்லி, அது பள்ளி" என்றேன். இப்போது பல்லியையும் 'பள்ளி' என்கிறான். கிடக்கட்டும், வரும்போது வரும்.

நேற்று கைப்பேசியில் இணையம் உயிர்பெற்றதும் அவனுடைய பள்ளியிலிருந்து செய்தி: விடுபட்ட நாட்களுக்கு நான்கு பக்கம் எழுதி திங்களன்று கொண்டுவர வேண்டுமாம். மருமகள் பதறிவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு அவனை உட்கார வைக்கப் பார்த்தாள். நான் நோட்டை வாங்கி அவன் பைக்குள் வைத்துவிட்டேன், காலியாகவே. கூட ஒரு சீட்டும். "மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, இந்த வாரம் கவின் ஏழு டம்ளர் எண்ணிக் கொண்டுவரக் கற்றுக்கொண்டான். பயறு வகை மூன்றைப் பிரிப்பான். தெலுங்கில் பதினைந்து சொற்கள் தெரியும். துணி பிழிவான். நான்கு பக்கம் எழுதவில்லை." அந்தப் பெண் படிப்பாளோ, கசக்கிப் போடுவாளோ தெரியாது. சின்ன வயது, பாவம், அவளுக்கும் மேலே ஒருவர் இருப்பார். என் மகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். "நீங்கள் டீச்சராக இருந்தபோது இப்படி ஒரு சீட்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

உன் பேத்தி எப்படி இருக்கிறாள்? முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா? உங்கள் பக்கம் மழை எப்படி? எதற்கும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பை தயாராக வைத்துக்கொள்: இரண்டு சிலேட்டு, கோலப்பொடி, மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் காலியான பழைய தாள்கள், ஒரு கதைப் புத்தகம். பள்ளி எதற்காக மூடினாலும் உதவும்.

இன்னொன்று. முட்டை அட்டையை வெட்டிப் புளியங்கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடினோம். குழியில் நான்கு சேர்ந்தால் பசு அல்லவா, மூன்றாம் ஆட்டத்துக்குள் லட்சுமி எண்ணாமலே கண்ணால் பார்த்து "பசு!" என்று அள்ளிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். ஆனால் முட்டை அட்டையில் வரிசைக்கு ஆறு குழிதான். பக்கத்துக்கு ஏழு வேண்டும் என்று நான் உளறிவிட்டதால் கவின் இப்போது இதை ஆட மறுக்கிறான். உங்கள் வீட்டுப் பரணில் ஆச்சியின் மரப் பல்லாங்குழி இருந்ததே, மீன் வடிவத்தில் மடக்குவது? யாராவது சென்னைக்கு வந்தால் கொடுத்தனுப்பு. புளியங்கொட்டை இங்கே வேண்டிய அளவு சேர்த்துவிட்டோம்.

அன்புடன்,
உன் கோமதி