ஆச்சி ஜாதகத்தில் ஒரு துறைமுகம்

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

ஆச்சி ஜாதகத்தைப் படம் எடுத்து அனுப்பினேன் அல்லவா, அதில் ‘கொல்லம் 1119 தை’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு “ஆச்சி சோழர் காலத்து ஆளாப்பா?” என்று கேட்டிருந்தாய். உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எழுதியவர் கைப்பிழை இல்லை அது. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால், ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரி பிறந்துவிட்டால் 825 கூட்டிக்கொள். ஆச்சி பிறந்தது 1944. நம் வயல் பத்திரத்திலும் இதே கணக்குதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள்.

கேரளத்துத் துறைமுகமான கொல்லத்தின் பெயரில் ஆண்டு ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். துறைமுகம் தலையெடுத்ததை வைத்துத்தான் என்பது என் கட்சி. ஆண்டு தொடங்கியது 825இல். அடுத்த 24 வருஷத்தில், 849இல், அந்த ஊர் எப்படி இருந்தது என்பதற்குத் தரிசாப்பள்ளிச் செப்பேடு இருக்கிறது. சேரமன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. கொல்லம் பகுதியான வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ என்பவர் எழுப்பிய தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் கொடுக்கிறார், சில வரிகளையும் விட்டுக்கொடுக்கிறார். நிறைகோல் உரிமை அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் கூட்டத்தாரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தராசு யார் கையிலோ சந்தை அவர் கையில், அன்றைக்கும்! ஏடு வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துகளோ அரபியிலும், பஹ்லவி என்ற பழைய பாரசீகத்திலும், எபிரேய எழுத்திலும். நம் சார்பதிவாளர் ஆபீசில் இப்படி ஒரு பத்திரத்தை நீட்டினால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

851இல் எழுதப்பட்ட ஓர் அரபிக் குறிப்பு, மஸ்கட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பும் கப்பல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் கொல்லம் சேரும் என்கிறது. ஆமாம், நீ இருக்கும் அதே மஸ்கட். சீனக் கப்பல் ஒன்றுக்கு 1000 திர்ஹம் சுங்கமாம். பிற்பாடு வந்த மார்க்கோ போலோ மிளகு, இஞ்சியோடு சாயமரத்தையும் சொல்கிறார். அது வேறொன்றுமில்லை, புனலூர் அத்தை வீட்டில் சிவப்பாகத் தண்ணீர் கொடுப்பார்களே, “ரத்தமா?” என்று நீ அழுதாயே, அந்தப் பதிமுகம்தான். மொராக்கோ பயணி இபின் பதூதா பார்த்தபோது, ஒரு கப்பல் சரக்கை ஒரே மூச்சில் வாங்கிப் போடும் வியாபாரிகள் அங்கே இருந்தார்கள். போர்ச்சுக்கீசியர் கொல்லத்தை ஒட்டிய தங்கசேரியில் கோட்டை கட்டியது, டச்சுக்காரர் பிடித்தது எல்லாம் எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. துப்பாக்கிக் கணக்குதான் அதில் அதிகம்.

போன மாதம் ரயிலில் கொல்லம் போய்வந்தேன். ஆரியங்காவு தாண்டி பதிமூன்று கண் பாலம் வந்ததும், ஆச்சி ஞாபகத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் ஏன் அங்கே கும்பிடுவாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் ஜாதகத்தில் கொல்லம் 1201 கார்த்திகை என்றும் போடச் சொல்லியிருக்கிறேன். ஜோசியர் “இப்ப யாரு சார் இதெல்லாம் எழுதுறா” என்றார். எழுதுங்கள் என்றேன். ஆனால் நீ அனுப்பிய பிறந்த நேரம் மஸ்கட் நேரமா, நம் நேரமா? ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், லக்னமே மாறிவிடும் என்கிறார். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அப்பா