அதிபர் கடிதம்: சிவப்புப் பாண்டாவும் எங்கள் கோட்டை மான்களும்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

தவணை தொடங்கி இரண்டு கிழமையாகிறது. காலைக் கூட்டத்தில் டார்ஜிலிங் போன கதையை நான் பாதியில் நிறுத்தியதை தரம் 7 பிள்ளைகள் இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் "பாண்டா", "பனிச்சிறுத்தை" என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதிவிடுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

விடுமுறையில் தங்கச்சி குடும்பத்தோடு காசிக்குப் போனோம். அவ்வளவு தூரம் வந்தாயிற்று, இமயமலையையும் ஒருக்கால் பார்த்துவிடலாமே என்று தங்கச்சியின் மகன் பிடிவாதமாக நின்றான். ரயிலில் நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து ஜீப்பில் மேலே. போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. அந்த ஊர் மிருகக்காட்சிசாலைக்கு வியாழன்தான் பூட்டு. எதையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான், பூட்டிய கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள்.

மறுநாள் வெள்ளனவே போய்விட்டோம். பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்கா என்று பெயர். 1958இல் தொடங்கியது. ஏறக்குறைய 7,000 அடி உயரம், அதாவது நுவரெலியா நகரத்தைவிட உயரம். திருகோணமலை என்று ஊரின் பெயரிலேயே மலையை வைத்திருக்கிறவர்கள் நாங்கள், ஆனால் கோணேசர் கோவிலுக்கு ஏறுவதோடு எங்கள் மலையேற்றம் முடிந்துவிடும். அங்கே பத்து அடி நடந்தால் ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கூடுகள் எல்லாம் சரிவில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மரங்களுக்கிடையே. அந்தக் குளிரில் வாழ்கிற மலை விலங்குகளுக்குத்தான் முதலிடம். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அதே வளவுக்குள் ஒரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நோர்கே அங்கேதான் பயிற்சி கொடுத்தார். அதைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

சிவப்புப் பாண்டாவைச் சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கிற கறுப்பு வெள்ளைப் பாண்டாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. எங்கள் வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரிது. செங்கல் நிற முதுகு, கறுத்த வயிறும் கால்களும், வளையம் வளையமான தடித்த வால். நாங்கள் போன நேரம் ஒன்று கிளையில் உட்கார்ந்து மூங்கில் இலை தின்றுகொண்டிருந்தது. ஒரு கையால் கொப்பை வளைத்துப் பிடித்து, இலையை வாயின் ஓரத்தில் வைத்து, அவசரமேயில்லாமல் மென்றது. அந்தப் பிடியைப் பார்த்தால் பெருவிரல் இருக்கிறது போலத் தெரியும். உண்மையில் அது விரலில்லை, மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு வளர்ந்து விரலின் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை "அது சோறு சாப்பிடுது" என்றது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

பனிச்சிறுத்தை அன்று தூக்கத்தில். உடம்பைச் சுருட்டி, தன் நீள வாலாலேயே முகத்தை மூடிக்கொண்டு கிடந்தது. எழுப்பிப் பார்ப்போமே என்று நான் ஒரு சின்ன விசில் அடித்தேன். காவலாளி திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். இத்தனை வருஷம் பிள்ளைகளை "சத்தம் போடாதே" என்று சொன்ன வாய், அப்படியே மூடிக்கொண்டது. இந்தப் பகுதியைத்தான் காலைக் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள்.

காட்சி இவ்வளவுதான். ஆனால் அந்தப் பூங்காவின் முக்கியமான வேலை எங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் நடக்கிறது. 1983இல் பனிச்சிறுத்தைகளை இனம் பெருக்கத் தொடங்கினார்கள், 1990களில் சிவப்புப் பாண்டாக்களையும். பாண்டாக்களுக்கென்று, பார்வையாளர் போக முடியாத தனி இடம் வைத்திருக்கிறார்கள். கையிலிருக்கிற சில விலங்குகளை வைத்தே குட்டி எடுத்துக்கொண்டு போனால் இரத்த உறவுக்குள்ளேயே சுற்றி, சில தலைமுறைகளில் இனம் நலிந்துவிடும். அதனால் ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளிலிருந்தும் பாண்டாக்களை வரவழைத்திருக்கிறார்கள். எந்தப் பாண்டா எங்கே பிறந்தது, தாய் யார், தகப்பன் யார் என்று உலகம் முழுவதற்கும் ஒரு வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சோடி சேர்ப்பார்கள். சாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். ஒரேயொரு வித்தியாசம், எங்களில் மச்சான் மச்சாள் கட்டலாம், பாண்டாக்களில் அந்தப் பேச்சே கிடையாது.

வளர்த்தால் போதுமா? 2003இல் அங்கே பிறந்த இரண்டு பெண் பாண்டாக்களை, நேபாள எல்லையோரம் இருக்கிற சிங்கலிலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். நேரே கொண்டுபோய்த் திறந்துவிடவில்லை. முதலில் காட்டுக்குள்ளேயே ஒரு வேலி அடைப்பில் வைத்து, அந்த மரங்களும் குளிரும் பழகவிட்டு, கழுத்தில் ரேடியோப் பட்டி கட்டித்தான் வெளியே விட்டார்கள். ஒன்றை ஏதோ வேட்டை விலங்கு கொன்றுவிட்டது. மற்றது காட்டு ஆணோடு சேர்ந்து குட்டி ஈன்றது. இரண்டில் ஒன்று போய்விட்டதே என்று தரம் 7இல் ஒரு பிள்ளைக்குக் கண் கலங்கியது. கூட்டிலேயே வைத்திருந்தால் அது செத்திருக்காதே மிஸ் என்று கேட்டது. நான் அங்கேதான் கதையை நிறுத்தினேன். மணி அடித்தது என்று சொன்னேன், ஆனால் உண்மையில் என்னிடம் உடனே ஒரு பதில் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது சொல்கிறேன். எங்கள் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. உடவளவையில் 1995இலிருந்து, தாயை இழந்த யானைக்குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்து, ஓரளவு வளர்ந்ததும் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை போயிருக்கின்றன. போனதில் எல்லாமே பிழைத்திருக்குமென்று யாரும் சொல்லவில்லை. அங்கே பார்வையாளர்களைத் தள்ளி நின்றுதான் பார்க்க விடுவார்கள், குட்டிக்குக் கிட்டப் போகவோ தடவவோ கூடாது. மனிதரிடம் பழகிய யானை காட்டிலிருந்து திரும்ப ஊருக்குத்தான் வரும். கந்தளாய், மூதூர்ப் பக்கப் பெற்றோருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி அந்த இன்னொரு காரணம்.

எங்களுடைய கோட்டை மான்கள். கோணேசரைக் கும்பிடப் போகிற வழியில் புள்ளிமான் நிற்கிற ஊர் வேறெங்கே இருக்கிறது? வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறோம். பின்னேரத்தில் அவை கடற்கரைக்கும் வீதிக்கும் இறங்கி, குப்பைக்குள் மூக்கை நுழைக்கின்றன. போன மாதம் கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு பெண் மானைப் பார்த்தேன். யாரோ சாப்பிட்டுவிட்டு எறிந்த லஞ்ச் சீட், சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய பொலித்தீன். அதில் ஒட்டியிருந்த பருப்பையும் சம்பலையும் நக்கியது. நக்கி முடிந்ததும் சீட்டையே மடித்து மடித்து வாய்க்குள் எடுத்தது. நான் போய்த் துரத்துவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மான் அசை போடுகிற பிராணி, உள்ளே போன பொலித்தீன் கரையாது, வெளியே வருவதும் கஷ்டம். அது இரைப்பையில் தங்கித் தங்கிச் சேர, வயிறு நிரம்பினது போல இருக்கும், மேயாது, மெலிந்து விழும். செத்த மான்களின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலிருந்து இந்த நாட்டில் தடை. எங்கள் சிற்றுண்டிச்சாலையிலேயே இன்னும் ஒன்றிரண்டு பார்சல் அதில் வந்துகொண்டிருந்தது, போன திங்களோடு அதை நிறுத்தியாயிற்று.

வருகிற மூன்றாம் சனிக்கிழமை தரம் 7, 8 பிள்ளைகளை கோட்டைக்குக் கூட்டிப்போகிறோம். காலை 6.30க்கு பாடசாலை வாசலில் நிற்க வேண்டும், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். மான்களை எண்ணுவார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை, எங்கே மேய்கின்றன, எதைத் தின்கின்றன என்று கொப்பியில் குறிப்பார்கள். மாதம் ஒருமுறை, வருஷம் முழுக்க. பாண்டாவுக்கு வம்சாவளிப் பதிவேடு இருக்கிற மாதிரி எங்களிடமும் ஒரு மான் கொப்பி இருக்கட்டும். குப்பை பொறுக்குவது இந்த நடையில் இல்லை. அதற்குப் பெரியவர்கள் வர வேண்டும், கையுறையும் வேண்டும். விரும்புகிற பெற்றோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள், தனியாக ஒரு நாள் வைப்போம்.

காலைச் சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிவிடுங்கள். கச்சான், பிஸ்கட் பக்கற் வேண்டாம். மானுக்குக் கொடுக்கவென்று வாழைப்பழம், பாண் எதுவும் அனுப்பாதீர்கள். பிள்ளை அழுதாலும் வேண்டாம், கையால் தீனி வாங்கிப் பழகிய மான்தான் பையையும் இழுத்துத் தின்கிறது. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பென்சில் கட்டாயம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மருந்தை என்னிடமே நேரே தந்துவிடுங்கள்.

கீழே உள்ள சம்மதப் பகுதியைக் கிழித்துக் கையொப்பமிட்டு, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும். வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் ஏற்க மாட்டேன். வியாழனின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
அதிபர்