எல்லாக் குழந்தைக்கும் ஒரே வட்டம்: அங்கன்வாடித் திருப்பணி நிறைவு அறிக்கை

குழு உறுப்பினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் அங்கன்வாடி மையத்தை மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் ஏற்றதாக்க எடுத்துக்கொண்ட திருப்பணி நிறைவடைந்து, கட்டடம் மையப் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் ஊராட்சி அலுவலகத்தில் தனிக் கோப்பில் இருக்கின்றன. உறுப்பினர் யாரும் கேட்டுப் பார்க்கலாம். என்ன வேலை நடந்தது, ஏன் அந்த அளவில் செய்தோம், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இந்த அறிக்கை. பக்கத்து ஊர்களில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று அளவுகளை விரிவாக எழுதியிருக்கிறோம்.

எல்லா வேலைக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்துக்கொண்டோம். நடக்க முடியாத, காது கேளாத, பார்வை குறைந்த, பேச்சு வராத எந்தக் குழந்தையும் மற்றப் பிள்ளைகள் உட்காரும் அதே வட்டத்தில், அதே பாட்டுக்கு, அதே சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். இதற்கு உதவாத வேலையை ஒதுக்கிவிட்டோம். நான்கு சுவரிலும் கார்ட்டூன் வரையும் யோசனையை விட்டதும் இதனால்தான். சுவர் முழுக்கப் படமாக இருந்தால் பார்வை குறைந்த பிள்ளைக்குக் கதவு எது, அலமாரி எது என்று பிரித்துத் தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கவனம் நிற்காது. மூன்று சுவர்களுக்கு வெளிர் நிறமும், கதவு நிலைகளுக்கும் படி விளிம்புகளுக்கும் பளிச்சென்ற மஞ்சளும் அடித்திருக்கிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரை தருகிறது. கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், பேச்சும் நடையும் கூடிப் பழகுதலும் உருவாகிற காலத்தில், ஏழைக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் இருப்பது 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி மட்டுமே. அந்த வாசலிலேயே ஒன்றரை அடி உயரப் படி நின்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் சில மாதங்களில் வருவதை நிறுத்திவிடுவார். பிள்ளை கனக்கக் கனக்க வருகை குறையும்.

கட்டடம் அரசுடையது. எனவே ஊராட்சித் தீர்மானமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் கைக்கு வந்த பிறகே ஆள் இறக்கினோம். மற்ற ஊர்க்காரர்கள் 'நமக்கு நாமே' திட்டத்தையும் விசாரிக்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்கள் பங்களிப்பு இருந்தால் மீதியை அரசு தரும்.

சாய்தளத்துக்குத்தான் அதிகப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. நம் பக்கம் சாய்தளம் என்றாலே கொத்தனார் மனதில் வருவது வீட்டு வாசலில் பைக் ஏற்றும் சரிவு. ஒன்றரை அடி உயரத்துக்கு நான்கைந்து அடி நீளத்தில் முடித்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் ஏறும்போது பின்பக்கம் சாயும், இறங்கும்போது பிடி நிற்காது. விதிப்படி சரிவு 1:12. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம், அதாவது நம் 18 அங்குல மேடைக்கு 18 அடி. முற்றத்தில் நேராக அவ்வளவு இடம் இல்லாததால் 9 அடி ஏற்றம், 5 அடிக்கு 5 அடி சமதளம், அங்கே திரும்பி இன்னொரு 9 அடி ஏற்றம் என்று எல் வடிவில் போட்டோம். அகலம் 4 அடி. கதவுக்கு முன்னும் சமதளம் விட்டிருக்கிறோம். சரிவிலேயே நின்றபடி கதவைத் திறக்க வேண்டியிருந்தால், ஒரு கை நாற்காலியைப் பிடிக்க, மறு கை கதவைத் தள்ள, நாற்காலி உருளும்.

உள்ளே கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து, மேலே 4 அங்குலக் கான்கிரீட். சாய்தளமும் சமதளங்களும் சேர்த்து எட்டு மூட்டை சிமெண்ட் பிடித்தது. பத்து நாள் ஈரச் சாக்குப் போட்டு க்யூரிங் செய்தோம். மேற்பரப்பில் ஈரமாக இருக்கும்போதே துடைப்பம் இழுத்துச் சொரசொரப்பாக்கியதோடு சரி. ஆழமாகக் கோடு போட்டால் நாற்காலி குலுங்கும், காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக் கருவி) போட்ட பிள்ளையின் காலணி மாட்டிக்கொள்ளும். சக்கரம் வெளியே நழுவாமல் இரு ஓரமும் 3 அங்குல வரம்பு கட்டியிருக்கிறோம். சாய்தளம் மண்ணைத் தொடும் இடத்தில் கூடுதலாக 4 அடிக்குக் கான்கிரீட் போட்டது வீண் செலவு இல்லை. அது இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மண் அரித்து அங்கே ஒரு படி உண்டாகிவிடும். சாய்தளங்கள் பயன்படாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டு அங்குலப் பள்ளத்தால்தான்.

கைப்பிடி இரண்டு வரிசை. பெரியவர்களுக்கு 3 அடி உயரத்தில் ஒன்றரை அங்குலக் குழாய். பிள்ளைகளுக்கு 22 அங்குலத்தில் ஓர் அங்குலக் குழாய், ஏனென்றால் மூன்று வயதுப் பிள்ளையின் விரல்கள் பெரிய குழாயைச் சுற்றிப் பிடிக்காது. இரும்பு வெயிலில் சுடும் என்பதால் கீழ்க் குழாய் முழுதும் கயிறு சுற்றியிருக்கிறது. கயிறு நைந்தால் உடனே மாற்ற வேண்டும். பிரிந்த நாரில் விரல் கீறும்.

கதவை 3 அடி தடையில்லாத திறப்பு கிடைக்கும்படி மாற்றி, நிலையின் அடிக்கட்டையை எடுத்துவிட்டோம். தரைக்கு வழுக்காத ஓடு. இவற்றில் விளக்க அதிகம் இல்லை.

ஒலி விஷயம் அப்படியில்லை. கான்கிரீட் கூரை, வெறும் சுவர், ஓட்டுத் தரை உள்ள அறையில் இருபது பிள்ளைகள் பாடினால் எதிரொலி நிறைந்துவிடும். காதுக் கருவி பேச்சை மட்டும் பெரிதாக்காது. நாற்காலி இழுபடும் சத்தம், மின்விசிறியின் கடகடப்பு, எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். கருவியைப் பிள்ளை பிடுங்கிப் போடுவதற்கு அடம் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் காரணம் அறைதான். தரையில் தென்னை நார் விரிப்பு, சன்னல்களுக்குக் கனத்த பருத்தித் திரை, அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் துணி போர்த்திய மென்பலகை போட்டோம். நடுவில் நின்று கைதட்டினால் வித்தியாசம் தெரியும். விசிறிகளின் பேரிங்கையும் மாற்றியாயிற்று. பணியாளர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு, உதட்டசைவு பிள்ளைக்குத் தெரியாது. எனவே அவர் இருக்கையைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரோரம் மாற்றியிருக்கிறோம். இதற்குச் செலவே இல்லை.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு மூலை இருக்கை இரண்டு செய்தோம். கடையில் கிடைக்கும் சிறப்பு நாற்காலிகளை வேண்டாம் என்றதற்குக் காரணம், அவை பிள்ளையை உயரத்தில் உட்கார வைக்கும். மற்றவர்கள் தரையில், இவன் மட்டும் மேலே என்றால் வட்டத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். நம் இருக்கை தரையோடு ஒட்டியது. 12 மி.மீ. ப்ளைவுட் பலகைகள் இரண்டைச் செங்கோணத்தில் பொருத்தி, அந்த மூலையில் முதுகு பதியும்படி வைத்தால் தோள்கள் முன்னால் வந்து இரு கைகளும் நடுவில் சேரும். பொம்மையை இரண்டு கையாலும் பிடிக்க முடியும். தொடையின் பின்தசை இறுக்கமாக உள்ள பிள்ளையைக் கால் நீட்டி உட்கார வைத்தால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூன்போட்டுவிடும். அதற்காக அடியில் 3 அங்குலப் பெட்டி. முழங்கால் சற்று மடங்கினால் முதுகு தானாக நிமிரும். கால்கள் கத்தரிபோல் குறுக்கே போகாதிருக்க நடுவில் பஞ்சு சுற்றிய சிறு கட்டை. வார் இடுப்பெலும்பின் குறுக்கே போட வேண்டும், வயிற்றில் அல்ல. வயிற்றில் கட்டினால் பிள்ளை வழுக்கி இறங்கும், மூச்சும் முட்டும். முன்பலகை முழங்கை உயரத்தில், பொருள் உருண்டு விழாதபடி அரை அங்குல விளிம்போடு.

பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துக் கொடுத்த பிறகே பலகை அறுத்தோம். ஒரு பிள்ளைக்குச் செய்ததில் இன்னொரு பிள்ளையை அப்படியே உட்கார வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் வைக்காமல் குப்புறப் படுக்கவும் பக்கவாட்டில் சாயவும் மாற்ற வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி இருவரிடமும், பணியாளரிடமும் உதவியாளரிடமும், தனியாகப் பேசிப் பழக்கியிருக்கிறோம். மடியில் மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டுவது நம் வீடுகளில் வழக்கம். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து; சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வரும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றே கீழே இருக்க, நேர் எதிரில் பிள்ளையின் கண் மட்டத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். கலவைச் சாதத்தைக் கட்டியில்லாமல் மசித்து, தண்ணீராக இல்லாமல் குழைவாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். நேரம் பிடிக்கும்தான், ஆனால் இதில் அவசரம் கூடாது.

கழிப்பறையில் 11 அங்குல உயரச் சிறுவர் கோப்பை, உதவிக்கு ஒருவர் கூடவே நிற்க இடம், பக்கச் சுவரில் கைப்பிடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. பிள்ளை உள்ளே கதவோரம் விழுந்தால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கைகழுவும் குழாய் 20 அங்குலத்தில், புறங்கையால் தள்ளித் திறக்கும் வகை.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு அன்றாட நடப்புப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. பாட்டு, விளையாட்டு, கழிப்பறை, சாப்பாடு, தூக்கம் என்று படங்கள் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். முடிந்ததைக் கழற்றிக் கீழ்ப் பெட்டியில் போட வேண்டும். அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளை பயந்து அலறுவது குறையும். படங்கள் நம் மையத்துப் பாயையும் தட்டையும் போட்டோ எடுத்தவை. பேசும் பிள்ளைகளே அவற்றை அதிகம் விரும்பிக் கழற்றுகிறார்கள், அதுவும் நல்லதுதான்.

இனி குடும்பங்கள். கட்டடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் குழந்தை வந்து சேருவது தாயின் கையில் இருக்கிறது. அந்தத் தாய்மேல்தான் வீட்டில் எல்லாப் பழியும். "தாத்தாவுக்கும் லேட்டாத்தான் பேச்சு வந்துச்சு" என்று காத்திருக்கச் சொல்வதும், செல்போன் கொடுத்ததால் வந்தது என்று அவரையே குற்றம் சொல்வதும் பிள்ளையின் காலத்தைத் தின்கின்றன. 18 மாதத்தில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் செவித்திறன் பரிசோதனை.

மத்திய அரசு 2023 நவம்பரில் அங்கன்வாடிகளுக்கு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நெறிமுறையை வெளியிட்டது. ஆரம்ப அறிகுறிகளைக் கண்டறிதல், குழந்தையைச் சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்கு வலுவூட்டுதல், மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் என்று மூன்று படிகள். நம் மையம் இதைத்தான் பின்பற்றுகிறது. ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அந்த நாளில் பிள்ளை வராவிட்டால் ஆறு மாதம் போய்விடும். தேதி தெரிந்ததும் வாசல் பலகையில் எழுதி, வீட்டுக்கும் சொல்ல வேண்டும். அங்கிருந்து டி.இ.ஐ.சி. என்னும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினால், போகும்போது தாய் சேய் அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பிக்கக் குழு உதவும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை. பயிற்சி முறைகளில் சந்தேகம் வந்தால் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாட்டு நிறுவனமும், 1981 முதல் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தக்க இடங்கள்.

மீதமுள்ள வேலை இரண்டு: சாய்தளத்துக்கு மேல் நிழல்கூரை, மணல் விளையாட்டுத் தொட்டியை நின்றபடியும் நாற்காலியில் இருந்தபடியும் தொடும் உயரத்துக்கு உயர்த்துவது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாய்தள வடிகாலைத் தூர்வாருவதும், நார் விரிப்புகளை மாதம் இருமுறை வெயிலில் காயப்போடுவதும் குழுவின் பொறுப்பு. காயாத விரிப்பில் பூஞ்சை பிடித்தால் பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு வரும். இவ்விரண்டு பராமரிப்பு வேலைக்கும் முறை வைத்துப் பெயர் எழுதும் தாள் மையத்தின் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. உறுப்பினர்கள் தத்தம் மாதத்தைக் குறித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு