கும்பகோணம் வீட்டுக் கணக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும், தம்பி அனுப்பிய பில் கட்டின் நகலும் கிடைத்தன. பேத்திக்கு என் ஆசிகள். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருப்பது நிம்மதி.

நேரே கணக்குக்கு வருகிறேன். அம்மாவோடு அந்த வீட்டில் குடியிருக்கும் தம்பி செய்த செலவில் யார் எவ்வளவு ஏற்பது என்று கேட்டிருக்கிறாய். நீ அதை மூன்றாக வகுத்திருக்கிறாய், அது தப்பு. அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயிலும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீ, தம்பி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. ‘அக்காவுக்குத்தான் நகை போட்டாச்சே’ என்பது அங்கே எடுபடாது. வீட்டு வரி கட்டிவந்ததால் தம்பியின் பங்கு அதிகமாகாது. பணம் தராததால் உன் பங்கு குறையாது. தராத பணம் கடன், அவ்வளவுதான். பங்கையும் கடனையும் போட்டுக் குழப்புவதில்தான் பேச்சு முறிகிறது.

இனி பில்கள். கரண்ட், கேஸ், குழாய் வாஷர் போன்றவை குடியிருப்பவர் செலவு, அடித்துவிடு. வீட்டு வரி நால்வருக்கும் பொது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள், கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு.

மொட்டைமாடி வேலை 1,60,000 ரூபாய்க்கு நீ முகம் சுளிப்பது நியாயமில்லை. சுருக்கித்தளம், அதாவது மாடியின் மேல் வெயில், மழை தாங்கப் போடும் அடுக்கு, விரிசல் விட்டால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும். கம்பி துருப்பிடித்து ஊதும். கூரையின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயரும். அப்புறம் செலவு பல மடங்கு. ஆகவே தலைக்கு 40,000. அம்மாவின் 40,000ஐ நீங்கள் மூவரும் ஏற்றுக்கொண்டால் ஆளுக்கு 13,333 கூடும். அக்காவால் இப்போது முடியாதென்றால் வங்கி வைப்பு வட்டியோடு எழுதிவைத்து, வீடு விற்கும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

குளியலறை 90,000தான் சிக்கல். வெஸ்டர்ன் டாய்லெட் அம்மாவின் முட்டிக்காக. அதைப் பொதுவில் சேர். சுவர் உயரத்துக்கு டைல்ஸ் யாரையும் கேட்காமல் போட்டது. அந்தப் பணத்தை உரிமையாகக் கேட்க முடியாது. பாகம் பிரிக்கும்போது அதனால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள், செலவழித்த தொகையை அல்ல.

நீ கேட்கத் தயங்கும் வாடகைக் கணக்கையும் போட்டுவிடுவோம். அந்தத் தெருவில் மாதம் 12,000 போகும் என்று வை. ஆளுக்கு 3,000, உனக்கும் அக்காவுக்கும் சேர்த்து வருடம் 72,000 தம்பி தரவேண்டிவரும். ஆனால் அம்மாவை ராத்திரி பகல் பார்ப்பவன் அவன். ஓர் ஆளை வைத்தால் அதற்கு மேலேயே ஆகும். அம்மா இருக்கும்வரை இரண்டும் சரிக்குச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னது அடுத்த தீபாவளிக்குள் மாறிவிடும்.

இனி மூவரும் மாதம் 2,000 போடும் கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 5,000 வரை தம்பியே செலவழிக்கலாம். அதற்கு மேல் என்றால் இரண்டு இடத்தில் விலை வாங்கி வாட்சப்பில் போட்டு, மற்ற இருவரும் சரி சொன்ன பிறகே வேலை. ஒழுகல், மின்கசிவு மட்டும் விலக்கு.

கோர்ட்டைப் பற்றி தம்பி மிரட்டினால் பதறாதே. அவ்வளவு குறுகலான வீட்டை நாலாக வெட்ட முடியாது; 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். வீட்டை இழக்கும் நிலை அவனுக்குத்தான் வரும்.

அவனே வீட்டை எடுத்துக்கொள்ள விரும்பினால் உங்களுக்குப் பணம் தந்து விடுதலைப் பத்திரம், அதாவது உங்கள் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், பதியட்டும். 2023 ஜூலைக்குப் பிறகு குடும்பத்துக்குள் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. கூடவே அவன் தரவேண்டியதும் வாங்கவேண்டியதும் தீர்ந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொல். அதை விட்டால் பழைய பில் மறுபடி வரும்.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்தாயா? வில்லங்கச் சான்று வந்ததும் நகல் அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
கணேசன்