கணக்கெடுப்புக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பணம் மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. பணம் வருகிறது, உன் குரல்தான் வருவதில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெயிலில் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. யாருக்கும் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

கடைசியாகப் பேசியபோது, "அந்தக் காட்டில் என்னப்பா இருக்கு, வித்துடுங்க" என்றாய். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கிற புரோக்கர் உன்னிடமும் பேசியிருப்பார் போல. கமுதிப் பக்கம் 2016இல் 2,500 ஏக்கரில் பலகை பதித்து 648 மெகாவாட் மின்சாரம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து, தரிசாகக் கிடக்கிற எந்த நிலத்தையும் விலை பேச ஆள் வருகிறது. அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் கேள்விக்கு இப்போது எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். தப்புச் செய்த அரசு ஊழியரை மிரட்ட, ராமநாதபுரத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த உனக்கு ஊர் பெயரைச் சொல்ல ஒரு கூச்சம் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உண்டாக்கியபோது இது எவ்வளவு பெரிய ஜில்லா தெரியுமா? கலெக்டர் ஆபீஸ் மட்டும் மதுரையிலேயே இருந்தது, உன் தாத்தா ஒரு மனுக் கொடுக்க மதுரைக்குப் போவார். 1985இல் மூன்றாகப் பிரித்தார்கள். சிவகாசியும் ராஜபாளையமும் விருதுநகரோடு போயின, காரைக்குடி சிவகங்கையோடு போனது. பட்டாசு, பஞ்சாலை, செட்டிநாட்டுப் பணம் எல்லாம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போலக் கைவிட்டுப் போய், நமக்குக் கண்மாயும் கடலும் கருவேலங்காடும் மிஞ்சின. 2018இல் தனிக் கவனம் தேவை என்று மத்திய அரசு நாடு முழுக்க மாவட்டங்களைப் பொறுக்கியபோது தமிழ்நாட்டிலிருந்து எடுத்தது இரண்டு: ஒன்று நாம், இன்னொன்று விருதுநகர். பின்தங்கியவர்கள் என்று நம்மைச் சொல்கிற யாரும் அந்தப் பிரிவினையைப் பேசுவதில்லை.

ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று நம் பெரியவர்கள் சொன்னது வெறும் பெருமைக்கு அல்ல. அந்த மடைகளை நம்பித்தான் திருவாடானைப் பக்கம் நெல். மழை ஏமாற்றினால் நமக்கு மிளகாய். நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, உன்னிடம் சொன்னேனா? களத்தில் காய்ந்த பழத்தைக் காதருகே வைத்து உலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும், நீ சின்ன வயதில் பை நிறைய வைத்து ஆட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் வருவாய். ராத்திரிப் பனி விழுமுன் களத்தை மூடுவது உன் பொறுப்பு, ஒரு நாளும் நீ தவறியதில்லை. அந்தப் பையன்தான் "என்னப்பா இருக்கு" என்று கேட்டான். எனக்கு அது வலித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2021இல் நடக்க வேண்டியது தள்ளித் தள்ளி இப்போது 2027 பிப்ரவரியில் வந்து நிற்கிறது. 2001இல் நம் மாவட்டத்தில் 11,87,604 பேர், 2011இல் 13,53,445 பேர். நூற்றுக்கு எழுபது பேர் கிராமத்தார். 2011இல் நம் தெருவுக்குக் கணக்கெடுப்பாளர் நான்தான். கதவு நிலையில் அந்தக் கணக்கெடுப்புக்காக எழுதிய எண் நம் வீட்டில் இன்னும் அழியவில்லை. அப்போதே பூட்டிய வீடுகள் இருந்தன. இப்போது மேலத்தெருவில் விளக்கு எரிகிற வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆள் குறைந்தால் என்ன என்று கேட்பாய். ஊராட்சிக்கு மூன்று கணக்கு உண்டு. முதலாவதில் வீட்டு வரி, குழாய்க் கட்டணம், அரசு மானியம். இரண்டாவது மின்சாரத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட. மூன்றாவது திட்டப் பணம். வீட்டு வரியை மட்டும் நம்பினால் தண்ணீர் மோட்டார் ஓடுகிற கரண்டுக்கே காணாது. மேலிருந்து வருகிற மானியத்தில்தான் ஊர் நடக்கிறது, அந்த மானியத்தைத் தலையை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கு போட்டபோது மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் என்று வைத்தது. 2016க்கும் 2019க்கும் நடுவே உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் அந்த மத்திய மானியம் நின்றபோது நம் ஊர் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். நீங்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்புவது மாடி வீடாக நிற்கிறது, பேங்கில் நகைக் கடனை மீட்கிறது, தங்கச்சியைப் படிக்க வைத்தது. ஊராட்சிக் கணக்கில் அது ஒரு வரியாகக்கூட வராது. அங்கே நீ ஒரு தலை, அவ்வளவுதான். அந்தத் தலை இங்கே இருக்க வேண்டும்.

2011இல் எங்களுக்குக் கொடுத்த கையேட்டில், எண்ணுகிற நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்று இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் அந்த நாட்கள் முழுக்க வீட்டிலேயே இருந்து, வேறெங்கும் எண்ணப்படாமல் இருந்தால் எழுதலாம். அதனால் வந்து இரண்டு நாளில் திரும்பினால் போதாது. பிப்ரவரி முழுக்க இருக்கிற மாதிரி லீவுக்கு எழுதிப் போடு. அப்போது மிளகாய்ப் பறிப்பும் இருக்கும். நிலத்தைப் பற்றி நேரில் பேசலாம், உன் கையெழுத்து இல்லாமல் நான் எதுவும் செய்யப் போவதில்லை. யாருக்கும் ஜாமீன் போடாதே என்று முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

லீவு கிடைக்காது என்றால் அதையும் சொல். வேலையே இல்லை என்றாலும் சொல். டிக்கெட்டுக்கு என் பென்ஷன் பணம் இருக்கிறது. சித்தப்பா மகன் அங்கே வந்திருந்தபோது உன் ரூமுக்கு இரண்டு தடவை போனானாம், அந்த ரூமில் வேறு ஆட்கள் இருந்தார்களாம். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது எங்கே தங்கியிருக்கிறாய்? பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, கம்பெனி வாங்கி வைத்திருக்கிறதா? மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் போடு, இந்த இரண்டுக்கும் மட்டும் உடனே எழுது.

இப்படிக்கு,
அப்பா