'நடுவானில் கோளாறு': எந்தப் பாகத்தில், எத்தனையாவது முறை என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளம்பிய இடத்துக்கே ஒரு விமானம் திரும்பிவிட்டால், மறுநாள் 'நடுவானில் திடீர் கோளாறு, பயணிகள் உயிர் தப்பினர்' என்று தலைப்பு வருகிறது. மாடலின் பெயர் இருக்கும். எந்தப் பாகம், அதே விமானத்தில் அதே கோளாறு முன்பு வந்ததா என்பது இருக்காது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, பெங்களூரு வழியாக துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் டிக்கெட் போட வருகிறவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி டிராவல்ஸ் கடைகளில் "அது போயிங்கா? அப்போ வேணாங்க, வேற பாருங்க" என்கிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய இந்தக் கடிதம் எழுதவில்லை. கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது என்பதுதான் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கும் எங்கள் குறை.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் நம் ஊரில் யாரும் லாரி எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினாரா, பிரேக் டிரம் காய்ந்துவிட்டதா, ஓவர்லோடா என்றுதான் கேட்கிறோம். விமானத்துக்கும் அதே கேள்விகள் பொருந்தும்.

மாடலையே குறை சொல்ல வேண்டியிருந்த காலமும் உண்டு. போயிங் 737 மேக்ஸ் 2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவில் 189 பேரையும், 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியாவில் 157 பேரையும் பலி வாங்கியது. பழைய 737-ஐவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்துவதற்காக, அதை இறக்கைக்குச் சற்று முன்னாலும் உயரத்திலும் தள்ளி வைத்தார்கள். மூக்கு ஏற்கெனவே அளவுக்கு மேல் உயர்ந்திருக்கும்போது அந்த எஞ்சின் கூடு அதை இன்னும் தூக்கப் பார்க்கும். இதை அடக்குவதற்குச் சேர்க்கப்பட்ட மென்பொருள்தான் எம்காஸ். காற்று மோதும் கோணத்தை அளக்கும் சென்சார் மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருந்தும், எம்காஸ் ஒன்றின் பேச்சை மட்டும் கேட்டது. இந்தோனேசிய விமானத்தில் புதிதாக மாட்டிய சென்சார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. சரியாகப் பறந்துகொண்டிருந்த விமானம் மூக்கைத் தூக்கிவிட்டதாக எண்ணிய எம்காஸ், ஒவ்வொரு முறையும் 2.5 டிகிரி வரை வால் இறக்கையைச் சாய்த்து மூக்கைக் கீழே தள்ளியது. விமானி பொத்தானை அழுத்திச் சரிசெய்தால், ஐந்து வினாடி கழித்து மறுபடியும் தள்ளியது. முதல் விபத்து நடக்கும்வரை, இப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்பட்டிருக்கவில்லை.

2019 மார்ச்சில் உலகமெங்கும் தரையிறக்கப்பட்ட மேக்ஸ், இந்தியாவில் 2021 ஆகஸ்டில்தான் மறுபடி பறக்க அனுமதி பெற்றது. இப்போது எம்காஸ் இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 5.5 டிகிரியைத் தாண்டினால் ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு நிகழ்வுக்கு ஒரு முறைதான் தள்ளும், அதுவும் விமானி கைப்பிடியை இழுத்து மீட்கக்கூடிய அளவுக்குள். சென்சார்கள் முரண்பட்டால் எச்சரிக்கை எரியும். வால் பகுதிக்குப் போகும் சில வயர் கட்டுகளைப் பிரித்து ஓட்டினார்கள். விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானது. இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒருவர் மேக்ஸ் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு. தெரியாமலே மறுப்பதும், தெரியாமலே ஏறுவதும் எங்களுக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

அந்த இந்தோனேசிய விபத்தில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு செய்தி உண்டு. முந்தைய நாள் பறப்பிலும் அதே விமானம் அதே சேட்டையைச் செய்தது. அன்றைய விமானிகள் வால் இறக்கையின் சாய்வை மாற்றும் மின்சார 'ட்ரிம்' சுவிட்சுகளை அணைத்துவிட்டு, அதே சாய்வைக் கையால் சக்கரத்தைச் சுற்றிச் சரிசெய்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஆனால் பழுதுகளை எழுதி வைக்கும் டெக் லாக்கில் வேகமும் உயரமும் இரு பக்கமும் முரண்படுவதாக எழுதியவர்கள், கைப்பிடி விடாமல் அதிர்ந்ததையும் சுவிட்சை அணைத்ததையும் எழுதவில்லை. தரையில் இருந்தவர்கள் எழுதியிருந்ததை மட்டும் பார்த்தார்கள். மறுநாள் காலை விமானம் மறுபடி கிளம்பியது.

பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு மாடலைவிடப் பயம் தருவது இதுதான்: டெக் லாக்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரே வரி. ஒரு பழுது வந்து, பாகத்தை மாற்றி, சோதித்து, லைசென்ஸ் உள்ள பொறியாளர் கையெழுத்துப் போட்டு முடிந்தால் கவலையில்லை. 'சோதித்தோம், சரியாக உள்ளது' என்று எழுதி அனுப்பிய பழுது மூன்றாம் நாள் மறுபடி வந்தால், அடிக்காரணம் இன்னும் சிக்கவில்லை என்று பொருள். கனெக்டர் பின்னில் ஏறிய ஈரம், உரசித் தேய்ந்த வயர், தரையில் ஒழுங்காக இருந்துவிட்டு மேலே குளிரில் மட்டும் தப்பும் சென்சார் ஆகியவை இப்படித்தான் ஏமாற்றும்.

எல்லாப் பழுதும் விமானத்தை நிறுத்திவிடாது. எந்தெந்தப் பாகம் வேலை செய்யாவிட்டாலும், எந்த நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்பதற்கு எம்இஎல் என்ற அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் இருக்கிறது. பி பிரிவுப் பழுதுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10 நாள், டி பிரிவுக்கு 120 நாள் கெடு. வாலில் இருக்கும் ஏபியு என்ற சின்ன எஞ்சின் ஓடாவிட்டால், வெளியிலிருந்து காற்று தரும் வண்டி வராதவரை தரையில் ஏசி வராது. மே மாதத்தில் உள்ளே வெந்துபோவார்கள், வீடியோ எடுத்துப் போடுவார்கள், 'ஓட்டை விமானம்' என்று பெயர் பரவும். அது அசௌகரியம், ஆபத்து அல்ல. ஆனால் கெடு முடியும் நாளில் நீட்டிப்பு வாங்குவதும், ஒரே விமானம் நாலைந்து எம்இஎல் பழுதுகளைச் சுமந்து திரிவதும் நல்ல அறிகுறி இல்லை. நிருபர்கள் கேட்க வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

தொழிற்சாலைத் தவறு வேறு வகை. 2024 ஜனவரி 5-ல் அமெரிக்காவில் மேக்ஸ் 9 விமானத்தின் பக்கவாட்டில் கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. கட்டும் இடத்தில் ரிவெட் திருத்துவதற்காகப் பலகையைத் திறந்தவர்கள், அதைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. திறந்ததற்கான பதிவே இல்லை. இதற்குச் சென்சாரும் மென்பொருளும் மருந்தல்ல. ஒவ்வொரு விமானத்திலும் பலகையைத் திறந்து போல்ட்டைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

ஏர்பஸ் என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் 28-ல் ஏ320 குடும்பத்தில் உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்களுக்கு அவசர உத்தரவு வந்தது. இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளை இயக்கும் ஒரு கம்ப்யூட்டரில், தீவிர சூரியக் கதிர்வீச்சால் தரவு கெட வாய்ப்பிருந்தது. இந்தியாவில் 338 விமானங்கள் அதில் அடங்கின. பெரும்பாலானவற்றுக்குப் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் போதும், ஒரு விமானத்துக்குச் சில மணி நேர வேலை. ஓரிரு நாளில் முடித்துவிட்டார்கள். அந்த வார இறுதியில் விமானம் தாமதமானதற்குக் கோபப்பட்டவர்கள் பலர். தாமதத்துக்குக் காரணம் ஒழுங்காக நடந்த வேலை.

உத்தரவிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று கட்டாயம், கெடுவுக்குள் செய்யாவிட்டால் அந்த விமானம் பறக்கக் கூடாது. இன்னொன்று வெறும் பரிந்துரை, செய்வதும் விடுவதும் நிறுவனத்தின் விருப்பம். 2018-ல் அமெரிக்க அமைப்பான எஃப்ஏஏ, சில போயிங் விமானங்களில் எஞ்சினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சின் பூட்டு பிடிக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு பரிந்துரை வெளியிட்டது. அந்த சுவிட்சை மேலே தூக்கினால்தான் நகரும், பூட்டு பிடிக்காவிட்டால் தூக்காமலே நகர்ந்துவிடும். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை, கிளம்பிய சில வினாடிகளில் இரு எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு வினாடி இடைவெளியில் 'ஆஃப்' நிலைக்குப் போனதைச் சொல்கிறது. அந்தப் பழைய பரிந்துரை கட்டாயமில்லை என்பதால் பரிசோதனை செய்யப்படவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பூட்டுதான் காரணம் என்று அது சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் விபத்துக்குப் பின் இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ ஜூலை 21-க்குள் பார்த்து முடிக்கச் சொன்ன வேலையை ஏழு ஆண்டுக்கு முன்பே பார்த்திருக்கலாம். எந்தெந்தப் பரிந்துரைகளை ஏற்றோம், எவற்றை விட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்று டிஜிசிஏ சொன்னால் பயணிகளின் பாதிக் கவலை தீரும்.

சேலம் காமலாபுரத்துக்கு வந்துபோகும் ஏடிஆர் 72-ஐ 'காத்தாடி விமானம்' என்று தயங்குகிறார்கள். காத்தாடியைச் சுற்றுவதும் டர்பைன் எஞ்சின்தான். 2023 ஜனவரியில் நேபாளத்தின் போக்ராவில் 72 பேர் இறந்த விபத்தில், இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளை இறக்கும் ஃபிளாப் நெம்புகோலுக்குப் பதில் பக்கத்தில் இருந்த, காத்தாடியைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டு, இரு எஞ்சின்களும் இழுவிசை இழந்தன. இதை மனிதத் தவறு என்று மூடிவிடவும் முடியாது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தது யார் என்ற கேள்வி பாக்கி.

விமானம் வட்டமடிப்பதையும் ஆபத்தாகவே எழுதுகிறோம். 2024 அக்டோபர் 11-ல் சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் பழுதால் திருச்சி மேலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியபோது, மாநிலமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த விமானத்தின் ரகமான போயிங் 737-800 சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம், ஆனால் சுமார் 66 டன்னுக்குள்தான் இறங்க வேண்டும். எரிபொருளை வானில் கொட்டும் வசதி அதில் இல்லை, எரித்துத்தான் குறைக்க வேண்டும். தீயோ புகையோ இருந்தால் காத்திருக்க மாட்டார்கள். அதிக எடையோடே இறக்கிவிட்டு, பிறகு சக்கரத் தொகுதியைப் பரிசோதிப்பார்கள். ஆகவே சுற்றுகிறார்கள் என்றால் நேரம் இருக்கிறது என்று பொருள்.

டிக்கெட் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம். பதிவுத் திரையில் விமான ரகம் குறியீடாக இருக்கும். 7எம்8 என்றால் மேக்ஸ் 8, 32என் என்றால் ஏ320 நியோ, 788 என்றால் போயிங் 787-8, ஏடி7 என்றால் ஏடிஆர் 72. கடைக்காரரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். ஆனால் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மாடல் பிடிக்கவில்லை என்று நாமே ரத்து செய்தால் டிக்கெட் விதிப்படிதான் பிடித்தம். இருந்தாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், திருப்பித் தந்தாக வேண்டும். வளைகுடாத் தொழிலாளர்களில் பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. தராவிட்டால் விமானப் பயணிகளுக்கான மத்திய அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் பதியலாம். இந்திய விமானத்தின் உடலில் பின்பக்கமாக 'விடி' என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும். அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. கோளாறு எதையாவது கண்டால், மாடலோடு அதையும் குறித்து வையுங்கள்.

உங்கள் நாளிதழிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை விமானக் கோளாறு என்று எழுதும்போது பதிவு எண், பழுதான பாகம், அந்த விமானத்தில் கடந்த ஒரு மாதத்தில் அதே பழுது வந்ததா, அது தொடர்பான உத்தரவு கட்டாயமா பரிந்துரையா என்ற நான்கையும் நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே அச்சிடுங்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024-ல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அது வருகிற அன்று வரட்டும். ஓசூர் பக்கத்துப் பேலகொண்டப்பள்ளி ஓடுதளத்தை ஒட்டிய ஹேங்கரில், பயணிகள் விமானங்களின் தரைப் பலகைகளைக் கழற்றி அடியில் துருவும் விரிசலும் பார்க்கும் பெரிய பராமரிப்பு இப்போதே நடக்கிறது. அனுமதி வாங்கி ஒரு நிருபரை அங்கே அனுப்பினால், டெக் லாக்கை எப்படி வாசிப்பது என்று காட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.